சன்னம் எங்கே போய் நிற்கும்

எங்கள் குடும்பத்தில் துவக்குத் தூக்கிய முதல் ஆள் நான்தான். இதைச் சொன்னால், எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒருமாதிரிப் பார்ப்பார்கள். அவர்கள் நினைக்கிற துவக்கு வேறு. அப்பாவும் மாமாவும் அந்தச் சத்தம் கேட்காத ஊர் ஒன்று வேண்டும் என்றுதான் இங்கே ஓடி வந்தவர்கள். நான் தூக்கியது காற்றுத் துவக்கு. பத்து மீற்றர் தூரத்தில் ஒட்டிய அட்டையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தை, மிளகளவு ஈயச் சன்னத்தால் துளைக்கிற விளையாட்டு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

இந்த விளையாட்டில் எனக்கு ஆசை ஒன்றும் இருக்கவில்லை. முந்திய வருடம் ஜூடோவுக்குப் போய், என்னைக் கீழே போட்ட பிள்ளையின் காதைக் கடித்துவிட்டேன். அங்கே திரும்பிப் போக முகமில்லை. நீச்சலுக்குப் பெயர் கொடுக்க அம்மாவும் நானும் போனபோது பட்டியல் நிரம்பிவிட்டது. அந்த மண்டபத்தில் வரிசையே இல்லாத ஒரே மேசை துப்பாக்கி சுடும் கழகத்தினுடையது. அதற்குப் பின்னால் மிட்டாய் சூப்பியபடி ஒரு வயதான பிரெஞ்சு மிசியூ, கழகத்துப் பயிற்சியாளர், இருந்தார். படிவத்தை அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு முதல் இரண்டு தரம் வாய் அசைத்து வாசித்தார். 'விளையாட்டு' என்ற சொல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பார்த்தவர் போல இருந்தது. பிறகு கையெழுத்துப் போட்டார். அம்மா மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை.

வீட்டில் ஓரிடத்தில் நில்லாத நான், கழகத்தின் கீழ்த்தளத்தில் துவக்கைத் தோளில் வைத்ததும் அசையாமல் நின்றேன். மிசியூவே அதிசயப்பட்டார். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விரலை மெல்ல அழுத்தும்போது எனக்குள் இருந்த சண்டைக்காரி எங்கோ போய்விடுவாள். நான் கெட்டிக்காரி என்று யாரும் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. அட்டையே சொன்னது. மாசி மாதத்தில், வசந்தகாலப் போட்டிக்குக் கழகம் அனுப்பும் நான்கு பிள்ளைகளில் என்னையும் சேர்த்தார்கள்.

அடுத்த கிழமையே குழாய் வெடித்துக் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. திருத்த வேலைக்கு ஐந்து கிழமை மூடுகிறோம் என்றார்கள். போட்டி ஆறாவது கிழமை. மிசியூ பெற்றோரைக் கூப்பிட்டு, வீட்டில் பத்து மீற்றர் நேர் இடமும் பின்னால் பத்திரமான தடுப்பும் உள்ளவர்களுக்குக் கழகத்துத் துவக்கை இரவலாகத் தருவேன், ஆனால் நான் வந்து பார்த்த பிறகுதான் என்றார். மற்ற மூன்று பிள்ளைகளும் புறநகரில் தோட்டம் வைத்த வீட்டுக்காரர். எங்கள் வீடு மார்க்ஸ் டோர்மோயில் நாலாம் மாடி, இரண்டு அறை. அதில் மிக நீளமான நேர்கோடு குசினி யன்னலிலிருந்து கழிப்பறைக் கதவு வரை ஆறு மீற்றர். அந்தக் கோட்டின் நடுவில் எந்த நேரமும் அம்மா நிற்பா.

நான் ரூ காய் என்ற தெருவிலிருந்த மாமாவின் பலசரக்குக் கடையில், வெங்காயப் பைகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதேன். மாமா அம்மாவின் தம்பி. யார் எதைக் கேட்டாலும் முதலில் 'ஓம்' என்று சொல்லிவிட்டு, அது ஏலுமா என்று பிறகு யோசிக்கிற மனிதர்.

"பத்து மீற்றர்தானே? என்ரை காவ் பதினாலு மீற்றர் கிடக்கு. கண்ணைத் துடை."

காவ் என்பது கடைக்குக் கீழே உள்ள நிலவறை. பின்பக்கம் ஒடுக்கமான படியால் இறங்கவேண்டும். அரிசி மூட்டைகளும் தேங்காய்ப் பெட்டிகளும் இருபக்கமும் அடுக்கி, நடுவில் ஒரு நீண்ட பாதை. முடிவில் கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர். நான் அழுகையை நிறுத்திவிட்டேன். அந்த நேரம் அப்பா கருவேப்பிலை வாங்க வந்தார். அதே தெருவில் இருந்த சாப்பாட்டுக் கடையில் அவர் தோசை வார்க்கிறவர். மத்தியானப் பந்தி முடிந்தால் மூன்று மணியிலிருந்து ஆறரை வரை அவருக்கு ஓய்வு. மாமா கையை ஆட்டி ஆட்டி விசயத்தைச் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"சன்னம் எங்கை போய் நிக்கும்?"

"சுவரிலை, அத்தான். வேறை எங்கை போறது?"

அப்பா கருவேப்பிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு விருப்பமில்லை என்று நினைத்தேன்.

மாமாவுக்கு ஒரு வேலையை நாளைக்குத் தள்ளிப் பழக்கமில்லை. அப்பாவின் சாப்பாட்டுக் கடைப் பின்முற்றத்தில் ஒரு பழைய தோசைக்கல் கிடந்தது. வீட்டுத் தோசைக்கல் இல்லை, ஒரே நேரத்தில் ஆறு தோசை வார்க்கிற, விரல் தடிப்பான இரும்புப் பலகை. அப்பா ஒன்பது வருடம் நின்று வார்த்த கல். புதுசு வந்ததும் அதைத் தூக்கி மூலையில் வைத்திருந்தார்கள். முதலாளியிடம் கேட்டு மாமா அதைத் தள்ளுவண்டிலில் ஏற்றி வந்து, காவின் கடைசிச் சுவரோடு நிமிர்த்திச் சாய்க்காமல் நிற்கவைத்தார். இரண்டு பக்கமும் அரிசி மூட்டை அடுக்கினார். "பீரங்கி வந்தாலும் தாங்கும்" என்றார்.

அம்மா இறங்கி வந்து பார்த்தா. அரிசியைத்தான் பார்த்தா.

"சாப்பிடுற சாமானைப் பார்த்தோ சுடப் போறியள்? ஈயமெல்லோ அது. கோதாரி!"

ஒவ்வொரு மூட்டையாக அவவே இழுத்து அந்தப் பக்கம் வைத்தா. ஆக, புதன்கிழமை மிசியூ வந்தபோது காவின் முடிவில் தோசைக்கல் மட்டும் தனியாக, வடிவாக நின்றது. மாமா அதற்கு எண்ணெய் பூசித் துடைத்துவேறு வைத்திருந்தார்.

மிசியூ படியில் நின்றே பார்த்தார். மேலே போய், காசு மேசையில் போத்தலுக்குள் விற்கிற சின்னத் துள்ளுபந்து ஒன்றை எடுத்து வந்தார். தோசைக்கல்லைக் குறிபார்த்து எறிந்தார். பந்து டங் என்று பட்டு, வந்த வழியே திரும்பி, மாமாவின் வண்டி வயிற்றில் போய்க் குத்தியது. 'ஊக்' என்று ஒரு சத்தம் வந்தது. மிசியூ சிரிக்கவில்லை. ஈயமும் இப்படித்தான் திரும்பி வரும், அப்போது அங்கே நிற்பது இந்தப் பிள்ளையின் கண் என்றார். அடுத்த புதன் இன்னொரு தரம் வருவேன், அப்போதும் சரியில்லை என்றால் துவக்கு இல்லை, ஒரு கண் போன பிறகு மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா வண்டியைத் தடவினார். நான் அவரைத் திட்டத் தொடங்கினேன். கோபம் வந்தால் எனக்குப் பிரெஞ்சுதான் வரும். அப்பா அன்றைக்கு எங்களோடு காவுக்குள் நின்றிருந்தார். நான் திட்டி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றவர், மேலங்கியைக் கழற்றி ஒரு ஆணியில் மாட்டினார்.

"விடு பிள்ளை. நான் செய்யிறன்."

அன்றைக்குத்தான் என்னுடைய அப்பாவை முதல்முதல் ஒரு வேலை தெரிந்த மனிதராகப் பார்த்தேன். அவர் வேலைக்குப் போவதும் வெங்காய மணத்தோடு வருவதும் தெரியும். வேலை செய்வதைப் பார்த்ததில்லை.

முதலில் ஒரு கிண்ணம் நிறையக் கடலை எடுத்தார். தோசைக்கல்லின் மேல்விளிம்பை மாமா பிடித்துக்கொண்டு நிற்க, தூரத்தில் நின்று கடலையைக் கல்லில் எறிந்தார். நிமிர்ந்து நின்றபோது கடலை அவர் காலடிக்கே வந்தது. மேல்விளிம்பைச் சுவர்ப்பக்கம் சாய்த்தால் கூரைக்குத் தெறித்தது. எங்கள் பக்கம் முன்னுக்குக் குனிய வைத்தால் நிலத்தை நோக்கி விழுந்தது. கொஞ்சம் குனிந்தால் விழுந்து முன்னால் ஓடி வந்தது. பாதிக்குப் பாதி குனிந்தால் விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஒவ்வொரு சாய்வுக்கும் நிலத்தில் சோக்குக் கட்டியால் கோடு போட்டார். ஒரு மணித்தியாலம் இப்படி எறிந்தார்.

"அத்தான், காணும். எனக்குத் தோள் கழண்டு போச்சு."

"இன்னும் ரெண்டு பிடி."

மேலேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அந்தக் கடலையைப் பொறுக்கிக் கழுவி வைச்சிட்டுத்தான் ஏறவேணும், சொல்லிப்போட்டன்!" மூன்று பேரும் முழங்காலில் நின்று பொறுக்கினோம்.

அடுத்த நாள் பழைய மரத்தட்டுகளைப் பிரித்து, பலகைகளை இரட்டையாக அடித்து ஒரு பெரிய பெட்டி செய்தார். முன்பக்கம் திறந்தது. உள்ளே தோசைக்கல் முன்னுக்குக் குனிந்தபடி, நான்கு இரும்புக் கோணத்தில் அசையாமல் நின்றது. அடியில் ஒரு முழ ஆழத்துக்கு மணல். அந்த மணலைக் கட்டடச் சாமான் விற்கிற இடத்தில் வாங்கி, பாட்டிமார் சந்தைக்கு இழுக்கிற இரண்டு சக்கரப் பையில் வைத்து மெற்றோவில் கொண்டுவந்தார். லா சப்பல் நிலையத்துப் படி எத்தனை என்று ஏறினவர்களுக்குத் தெரியும். கொண்டுவந்ததோடு விடவில்லை. அத்தனை மணலையும் மா அரிக்கிற அரிதட்டில் அரித்தார். ஒரு சிறு கல் இருந்தாலும் சன்னம் அதில் பட்டு எகிறும் என்றார். அம்மா அரிதட்டைக் கண்டுவிட்டுப் போய்ப் புது அரிதட்டு வாங்கினா.

கல்லுக்குப் பின்னாலுள்ள இடைவெளியில் சத்தம் அடங்க எதையாவது நெருக்கி அடைக்கவேண்டும். மாமா கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் தமிழ்ப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார். அம்மா ஒரு கட்டைப் பிரித்தா. அதில் பாதிப் பக்கம் மரண அறிவித்தல். பொட்டு வைத்த ஆச்சிமார், கண்ணாடி போட்ட ஐயாமார், எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செத்த சனத்தின்ரை முகத்திலையோ அடிக்கப் போறியள்? எழுத்திருக்கிற தாளிலை கால் பட்டாலே கண்ணிலை ஒத்துற ஆக்களெல்லோ நாங்கள்!"

கடைசியில் சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களுக்கு அம்மா சம்மதித்தா. "ஏன் அக்கா, பிரெஞ்சு எழுத்துக்குச் சரஸ்வதி இல்லையோ?" என்று மாமா கேட்டார். "இருக்கிறா. ஆனால் அது கோழி விலை" என்றா அம்மா. கோழி விலைக்கு மேலால் தன்னுடைய பழைய நைலெக்ஸ் சேலை நாலைந்தை மடித்துத் திணித்ததும் அவதான். சண்டை பிடித்துக்கொண்டே உதவி செய்வது எங்கள் வீட்டுப் பெண்களின் குணம். எனக்கும் அது வந்திருக்கிறது.

பெட்டியின் வாசலில் அப்பா சாக்கை இரண்டு மடிப்பாகத் திரைபோலத் தொங்கவிட்டார். உள்ளே சிதறும் ஈயத்துண்டு வெளியே வராமல் அது பிடிக்கும். பெட்டியைச் சுற்றி, நான் எவ்வளவு மோசமாகத் தவறவிட்டாலும் வெறும் சுவரில் படாதபடி, இடமும் வலமும் மேலும் மணல் மூட்டை. பக்கத்து வாசல் ஒன்று இருந்தது, அதற்கு உள்ளுக்குத் தாழ்ப்பாள். படியின் தொடக்கத்தில் ஒரு சிவப்பு மின்குமிழ். அது எரிந்தால் ஒருவரும் இறங்கக்கூடாது. சுடுகிற ஆளுக்கும் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. இவ்வளவையும் அவர் எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்யவில்லை. ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, தூரத்தில் போய் நின்று, அந்த முதல் கேள்வியைத் தனக்குள்ளே கேட்டபடி பார்ப்பார். உதடு மட்டும் அசையும். பதில் பிடிக்காவிட்டால் திரும்ப வந்து ஒரு ஆணியைக் கழற்றுவார். என்ன ஒரு மனிதர் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்கு அவசரம். போட்டிக்கு நாள் குறைந்துகொண்டிருந்தது.

பெட்டி முடிந்த பிறகும் அவர் விடவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மாமாவைக் கீழே நிறுத்தி அகப்பையால் பெட்டிக்குள் தட்டச் சொல்வார். தான் தெருவில் போய் நின்று கேட்பார். பிறகு முதலாம் மாடியில் நாய் வளர்க்கும் மதாமின் கதவருகே போய்க் கேட்பார். திரும்பி வந்து இன்னொரு சேலையைத் திணிப்பார். சத்தத்தால் யாருக்கும் காயம் வராது என்று நான் கத்தினேன். "ஓம் ஓம்" என்றார், திணித்துக்கொண்டே.

அதற்கு மேல் கடிதம். அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை வீட்டுக்கும், கட்டடச் சொந்தக்காரருக்கும், மாமாவின் காப்புறுதிக்காரருக்கும் கடிதம். அப்பா தமிழில் சொல்ல நான் பிரெஞ்சில் எழுதினேன். நான் 'விளையாட்டுப் பயிற்சி' என்று நைசாக எழுதி முடிக்கப் பார்த்தேன். அவர் தாளை வாங்கிப் பார்த்து, அந்தச் சொல்லில் விரலை வைத்தார்.

"துவக்கு எண்டு எழுது. என்ன துவக்கு, எத்தினை மணிக்கு, ஆர் பக்கத்திலை நிக்கிறது, எல்லாம் எழுது. ஒளிச்சு எழுதினால் பிறகு ஒளிச்சதுதான் கதையா வரும்."

வீடு வீடாக நானும் கூடப் போனேன். அவர் சமையல் உடுப்புக்கு மேல் மேலங்கியைப் பூட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து நிற்க, நான் வாசித்துக் காட்டினேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சட்டப்படி இதெல்லாம் தேவையில்லை என்று மிசியூவே சொல்லியிருந்தார். மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் தோட்டத்து மரத்தில் அட்டையை மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். நாய் மதாம் மட்டும் கடிதத்தைக் கேட்டுவிட்டு, தன்னுடைய நாய்க்குப் பட்டாசுதான் பயம், இது பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டா. எல்லாத் தாளையும் அப்பா ஒளிபுகும் உறைகளில் போட்டு ஒரு நீலக் கோப்பில் வைத்தார்.

இரண்டாவது புதன் மிசியூ வந்தார். சிவப்பு மின்குமிழைப் பார்த்தார். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, சாக்கை விலக்கி, உள்ளே தலையை விட்டுக் கனநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கொண்டுவந்த துவக்கால் தானே பத்துச் சன்னம் சுட்டார். டங் இல்லை. தொப் தொப் என்று, பக்கத்து அறையில் யாரோ தலையணையைத் தட்டுவதுபோல ஒரு சத்தம். கடைசி இரண்டை வேண்டுமென்றே ஓரத்துக்கு அடித்தார். துவக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய், மணலைக் கையால் கிளறி, நசிந்த ஈயத்தை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்தார். எட்டு மணலில் கிடந்தது. இரண்டு ஓரத்துப் பலகையில் புதைந்திருந்தது.

அவர் எழுந்து அப்பாவைப் பார்த்து, நீங்கள் பொறியியலாளரா என்று கேட்டார்.

"நோ மிசியூ. குசின்" என்றார் அப்பா. சமையல்.

முப்பது வருடமாக இந்தக் கழகத்தில் இருக்கிறேன், எங்களுடைய சுவரே இவ்வளவு யோசித்துக் கட்டியதில்லை என்றார் மிசியூ. படம் எடுக்கட்டுமா என்றும் கேட்டார். அப்பா அதற்கு மட்டும் வேண்டாம் என்று கைகாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த மனிதர் இப்படி முட்டாள்தனமாக வேண்டாம் என்கிறாரே என்று கோபமும் வந்தது.

இரவல் பத்திரத்தில் தாயோ தகப்பனோ ஒப்பமிடவேண்டும். மாமா, "நான் பிரெஞ்சுக்காரனாகி எத்தினை வருசம், என்ரை பேரிலை போடலாமோ எண்டு கேள் பிள்ளை" என்றார். கேட்டேன். முடியாது என்றார் மிசியூ. அப்பா பேனையை எடுத்தார். எடுத்துத் தாளுக்கு மேல் பிடித்தபடி நின்றார். எங்கே ஒப்பமிடுவது என்று தெரியாமல் நிற்கிறார் என்று நினைத்து, நான் அந்த இடத்தை விரலால் தட்டிக் காட்டினேன். ஒப்பமிட்டார்.

அதன்பிறகு நான்கு கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை காவில் பயிற்சி. அம்மா மேலே காசு மேசையில். மாமா கண்ணாடியும் போட்டு என் பக்கத்தில். ஒவ்வொரு நல்ல அடிக்கும் 'அடி சக்கை' என்று கத்துவார். கத்தவேண்டாம் என்று நான் கத்துவேன். அப்பா வருவார். பெட்டியைச் சுற்றிப் பார்ப்பார், மணலைக் கிளறி மட்டமாக்குவார், துவக்குப் பூட்டிய அலமாரியைத் திறந்து தருவார். பிறகு சிவப்பு மின்குமிழைப் போட்டுவிட்டு மேலே போய்விடுவார். ஒரு நாள்கூட நின்று பார்க்கவில்லை. எங்கே போகிறார் என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். வெளியே நிற்கிறார் என்றா. எட்டிப் பார்த்தேன். கடை வாசலில், நடைபாதையில், கையை மேலங்கிக்குள் விட்டபடி தெருவின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சிகரெட் பிடிப்பவரும் இல்லை. அந்த வருடங்களில் கார் து நோர் புகையிரத நிலையப் பக்கமிருந்து சிப்பாய்கள் நாலைந்து பேராக, நெஞ்சுக்குக் குறுக்கே துவக்கோடு, எங்கள் தெருக்களிலும் நடந்து போவார்கள். அவர்கள் போவதை அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். ஆளுக்குச் சலிப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் இறங்கிவிட்டேன்.

போட்டியில் எனக்கு இரண்டாம் இடம் வந்தது. அது ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்குக் கடையில் கூட்டம் கூடிய நாள், மாமாதான் கூட வந்தார். வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டபடியே சாப்பாட்டுக் கடைக் குசினிக்குள் ஓடினேன். அப்பா தோசைக் கரண்டியோடு நின்றபடி பதக்கத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு கேட்டார்:

"அங்கை பின்னுக்கு என்ன வைச்சிருந்தவை?"

எத்தனை புள்ளி என்று கேட்கவில்லை. எந்தப் பிள்ளை முதலாவது என்று கேட்கவில்லை. நான் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கோடையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிரெஞ்சு நசியோனலித்தே, குடியுரிமை, கிடைத்தது. மாமா கடையில் வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். நானும் நாலு தின்றேன். அதற்கும் காவுக்கும் தொடர்பு இருக்குமென்று எனக்கு ஏன் தோன்றப் போகிறது?

பத்து வருடம் கழித்து, வேலைக்குச் சேர்வதற்காக எனக்குப் பிறப்புப் பத்திரம் தேவைப்பட்டது. அம்மாவும் நானும் பழைய தாள்களைக் கிளறினோம். பிரெபெக்சர் என்ற அரச அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதம் கையில் பட்டது. குடியுரிமை நேர்முகத்துக்கு வரச்சொன்ன கடிதம். திகதியைப் பார்த்தேன். என் போட்டிக்கு மூன்று நாள் முந்திய வியாழக்கிழமை. நான் அம்மாவைப் பார்த்தேன்.

ஓம் என்றா அம்மா. பன்னிரண்டு வருடம் காத்து, ஒரு தரம் மறுத்து, இரண்டாம் தரம் போட்ட விண்ணப்பமாம். விசாரிக்கிறவர்கள் எந்த நேரமும் வந்து அக்கம்பக்கம் கேட்கலாம் என்று சொல்லியிருந்தார்களாம். சட்டத்தில் பிழையில்லைத்தான். ஆனால் தமிழன் கடை, நிலவறை, துவக்கு என்று யாராவது பொலிசுக்கு ஒரு அழைப்பு எடுத்தால், எங்கள் விண்ணப்பக் கோப்பைப் பிடித்திருக்கிற அதிகாரி எவ்வளவு தூரம் வாசிப்பார்? நேர்முகம் முடியுமட்டும் உதை நிப்பாட்டுங்கோ என்று அம்மா காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறா. மாமாவும் கேட்டிருக்கிறார். அப்பா இணங்கவில்லை.

"பிள்ளையின்ரை போட்டி எங்கடை பேப்பருக்காகப் பிந்தி வராது" என்றாராம்.

யாராவது விசாரிக்க வந்தால், மாமா என்னை மேலே அனுப்பிவிடவேண்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு. ஒரு கேள்வியும் என்னிடம் வரக்கூடாது. தெருவில் நிற்கிற அப்பாதான் முதலில் கதைப்பார். துவக்கு அவர் பெயரில், பெட்டி அவர் செய்தது, பிழை என்று எது வந்தாலும் அது அவருடையது, மாமாவுக்கோ எனக்கோ இல்லை. அதற்குத்தான் அந்த நீலக் கோப்பு, மேலங்கிக்குள், நெஞ்சோடு, நான்கு கிழமையும். மாசி, பங்குனிக் குளிருக்குள், சமையல் உடுப்போடு, அவருக்கென்று கிடைக்கிற ஒரே ஓய்வு நேரத்தில்.

அம்மா இதைச் சொல்லச் சொல்ல, எனக்கு அந்த வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. அன்றைக்கு அப்பா கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். எங்கேயோ கலியாணவீட்டுக்குப் போய்வந்தார் என்று நினைத்தேன். வந்த கையோடு காவுக்கு இறங்கி, கழுத்துப்பட்டியோடு முழங்காலில் இருந்து மணலை மட்டமாக்கினார். சிவப்பு மின்குமிழைப் போட்டார். வழமைபோல வெளியே போனார். ஆறு மணிக்கு நான் ஏறி வந்தபோது அவருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. வேலைக்குப் போக இன்னும் கொஞ்ச நேரம் இருந்ததால், என்னை வீட்டில் விட வந்தார். மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் இருவரும் நடந்தோம். எனக்கு மூன்று நாளில் போட்டி. நெஞ்சுக்குள் நாலு கிழமைக் கோபம் முட்டிக்கொண்டு நின்றது. அவருக்கு முழுவதும் விளங்காது என்று நினைத்து, பிரெஞ்சில் விறுவிறு என்று சொன்னேன்: மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள், நீங்கள் ஒரு தரமாவது நான் சுடுவதைப் பார்த்தீர்களா, உங்களுக்கு என்னைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

அவருக்கு முழுவதும் விளங்கியது. நடந்தபடியே என்னைப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "ஓம் பிள்ளை" என்றார். பிறகு நின்று, என் குளிரங்கியின் மேல் பொத்தான் கழன்றிருந்ததைக் கண்டு, விறைத்த விரலால் இரண்டு மூன்று தரம் முயன்று பூட்டிவிட்டார். ஒரு மறுமொழி சொல்லக்கூடத் தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டு, நான் அவருக்கு முன்னால் விடுவிடென்று நடந்து போனேன்.